திருட்டுக் கொடுத்தவன் நான். இதோட போதும்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

மானூர்க் கிணறு:
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா வாசிச்சிட்டு மட்டும் இருந்தவன், இன்னைக்கு எழுதுதேன். ஊர்ப் பேரோ ஆள் பேரோ சொல்ல மாட்டேன். சின்னப் பையன் சம்பந்தப்பட்டது.

போன மாசம் எங்க கிணத்து மோட்டார் ஒயரை ராத்திரியோட ராத்திரியா அறுத்துட்டுப் போயிட்டாங்க. உளுந்து பூத்து நிக்கிற நேரம். குளத்துக்குப் பின்னால ரப்பரை எரிச்சு காப்பரை உருவின கரி கெடந்துச்சு. அதை வச்சு விசாரிச்சதுல மூணு பேருன்னு தெரிஞ்சுது. ரெண்டு பேரு வெளியூரு. ஒருத்தன் எங்க தெருப் பையன், வயசு 16. பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டு ஆளுக்கு 800 ரூவா பங்கு வச்சிருக்காங்க. எனக்கு ஒயர் மாத்த 11,000 ஆச்சு.

பையனோட அப்பா கட்டட வேலைக்குப் போறவரு, அம்மா பீடி சுத்துதாவ. விசயம் தெரிஞ்ச மறுநாளே கம்மலை அடகு வச்சு ரூவாயைக் கொண்டு வந்து கொடுத்தாவ. பையனும் வந்தான், தலையைத் தூக்கவே இல்லை. எங்க அப்பா ரொம்பப் பேசலை. "நாளைக்கு ஒயர் மாட்ட ஆள் வாரான். நீ கூட நின்னு இழுத்துக் கொடுல"ன்னு மட்டும் சொன்னாவ. வந்தான். கிணத்துக்குள்ள இறங்கி, வெயில்ல நின்னு, சாயங்காலம் தண்ணி விழுற வரைக்கும் இருந்தான். எங்க அம்மா அவனுக்கும் சேத்துத்தான் சோறு வச்சாவ. எங்களைப் பொறுத்தவரை கணக்கு அங்கனயே தீந்துட்டு.

ஊர்க்கூட்டத்துல தீரலை. 5,000 ரூவா தெண்டம், அதாவது அபராதம். அது போக 3 வருசத்துக்கு அந்த வீட்டுல கொடை வரி வாங்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இது என்னன்னு சொல்ல வேண்டாம். வெளியூர்ல இருந்து வாசிக்கிறவங்களுக்காகச் சொல்லுதேன். கொடைன்னா எங்க ஊர்க் கோயில் திருவிழா, வரி அதுக்கு வீட்டுக்கு வீடு வாங்குற பணம். வரி வாங்கலைன்னா அந்தக் குடும்பம் ஊர்ல இல்லை. சாமி வரும்போது அந்த வாசல்ல நிக்காது. சாமிக்குப் படைக்கிற படப்புச் சோத்துல பங்கு கிடையாது. நல்லது கெட்டதுக்குச் சொல்லிவிட ஆள் வராது. அவனுக்கு ஒரு அக்கா இருக்கா, மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காவ.

நான் எந்திரிச்சு "களவு போனது எங்க கிணத்துல, நாங்களே போதும்ங்கோம்"னேன். பெரியவர் ஒருத்தரு "உனக்குப் போதும், ஊருக்குப் போதாது"ன்னுட்டாரு. பத்து நாளா அந்த வார்த்தையாத்தான் மனசுல ஓடுது. அவர் சொன்னதுலயும் ஏதோ நியாயம் இருக்க மாதிரி தெரியுது, அதனாலதான் தூக்கம் வர மாட்டேங்கு. தண்டனை யாருக்காக? களவு கொடுத்தவனுக்கா, களவாண்டவன் திருந்தவா, பாத்துட்டு இருக்கவன் பயப்படவா? ஞாயித்துக்கிழமை திரும்பக் கூட்டம் இருக்கு. நான் என்ன பேசணும்னு சொல்லுங்க.

பாளை வக்கீல்:
முதல்ல சட்டம். 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டம்தான். இந்த மாதிரி சின்னத் திருட்டுக்குச் சிறுவன் மேல, பெரியவங்களோட சேந்து செஞ்சதா இருந்தா தவிர, எஃப்.ஐ.ஆர். கூடப் போடக் கூடாது. ஸ்டேஷன் பொது நாட்குறிப்புல எழுதி, குடும்பச் சூழ்நிலை அறிக்கையோட இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பணும். குழுமம் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெத்தவங்களை அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தை அலுவலர் கண்காணிப்புல விடலாம். எல்லாத்துக்கும் மேல போனா சிறப்பு இல்லம், அதுவும் அதிகபட்சம் 3 வருசம்.

அந்தச் சட்டத்துல நான் ரொம்ப மதிக்கிறது 24ஆம் பிரிவு. நடவடிக்கை முடிஞ்ச பிறகு, அந்தத் தீர்ப்பைக் காரணம் காட்டி அந்தப் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு ஆவணத்தையே அழிச்சிடணும். கொடுங்குற்றத்துக்காகப் பெரியவங்களைப் போல விசாரிக்கப்படுற 16 வயசு தாண்டினவங்களுக்கு மட்டும் இது வேற. நாட்டோட சட்டம் இப்படி மறக்கச் சொல்லுது. உங்க ஊரு 3 வருசம் ஞாபகம் வச்சிருக்கப் போகுது.

ஊர்க்கூட்டத்துக்குத் தண்டிக்கிற அதிகாரமே கிடையாது. 2011ல நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலதான் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம்னு சொன்னுச்சு. பட்டியலினத்தார் மேல ஊர் விலக்கு வச்சா வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல அதுவே குற்றம். மகாராஷ்டிராவில 2016ல ஊர் விலக்குக்குன்னே தனிச் சட்டம் கொண்டு வந்தாங்க. நமக்கு அப்படி ஒண்ணு இன்னும் வரலை.

இதையெல்லாம் கூட்டத்துல எடுத்த எடுப்புலயே வாசிச்சிராதீங்க. "கேசு போடப் போறியா"ன்னு கேட்டாங்கன்னா பேச்சு அதோட முறிஞ்சிரும். பைக்குள்ள வச்சிருங்க.

ஆலங்குளம் தோட்டம்:
நான் எதிர்த்துத்தான் சொல்லப் போறேன், மன்னிக்கணும். எனக்கு 3 தடவை ஒயர் போயிருக்கு. ஸ்டேஷன்ல புகார் கொடுத்தேன், புகார் வாங்கினதுக்குச் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தாங்க, அதோட சரி. கத்தரி காய்ஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு 2 வருசமா ராத்திரி தோட்டத்துலதான் படுக்கை. பிள்ளைகளோட உக்காந்து சாப்பிட்டு நாளாச்சு. இந்தத் தண்டனையை நான் எந்தத் தப்பும் செய்யாம அனுபவிக்கேன். இதை யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்காங்க.

மானூர்க்காரருக்குப் பணம் திரும்பக் கிடைச்சிட்டு, அவருக்கு மனசு இரங்குது. கிடைக்காத எங்களுக்கு? முந்தி வயல்ல ஆடு மேஞ்சா பவுண்டுல அடைப்பாங்க. தெண்டம் கட்டித்தான் மீட்டுட்டுப் போகணும். அடுத்த வாட்டி அவன் ஆட்டைக் கயித்துல பிடிச்சிட்டுத்தான் போவான். பயம் இல்லாத ஊர்ல பயிர் நிக்காது. பெரியவர் சொன்னது சரி, ஊருக்குப் போதாது.

அம்பை வாத்தியார்:
தோட்டக்காரத் தம்பி, உங்க கோபம் நியாயம். பவுண்டுன்னு சொன்னீங்களே, அதுல இருந்தே ஒண்ணு கேக்கேன். தெண்டம் கட்டினதும் ஆட்டைக் கையில கொடுத்துட்டாங்கல்லா? இங்கே தெண்டமும் வாங்கிட்டு ஆட்டையும் 3 வருசம் பட்டியிலயே வச்சிருப்போம்ங்காங்க.

34 வருசம் பள்ளிக்கூடத்துல இருந்தேன். பெத்தவங்களே வந்து "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்த இடத்தை உரிச்சிருங்க சார்"னு சொல்லி விட்டுட்டுப் போன காலம். புளியங்கம்பால அடிச்சிருக்கேன், முழங்கால் போட வச்சிருக்கேன், இம்போசிஷன் கொடுத்திருக்கேன். "கடிதோச்சி மெல்ல எறிக" குறளையே நூறு தடவை எழுத வச்சிருக்கேன். ஓங்கும்போது கடுமையா ஓங்கு, விழும்போது மெல்ல விழட்டும்னு வள்ளுவர் ராஜாவுக்குச் சொன்னதை, கம்பைக் கையில வச்சிட்டே பாடமா நடத்தினேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அடிக்கிறதை மட்டும் தடுக்கலை, மனசை நோகடிக்கிறதையும் தடுக்குது. ரெண்டாவதைச் சட்டத்துல பாத்தப்போ எனக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

ஏழாம் வகுப்புப் பையன். பக்கத்துல இருந்தவனோட ஜாமென்ட்ரி பாக்ஸை எடுத்துட்டான். நான் அடிக்கலை. "ஒரு வாரம் கடைசியில தனியா உக்காரு"ன்னேன், அவ்வளவுதான். ஒரு வாரம் கழிச்சு "முன்னால வா"ன்னு கூப்பிட மறந்துட்டேன். அவனும் கேக்கலை. மத்த பிள்ளைகளும் அந்த இடம் அவனுக்குன்னு ஆக்கிட்டாங்க. முழுப் பரீட்சை வரைக்கும் அங்கேயே இருந்தான். அடுத்த ஜூன்ல பள்ளிக்கூடத்துக்கு வரலை. என்கிட்ட அடி வாங்கின எத்தனையோ பேரு கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்து வச்சிட்டுப் போயிருக்காங்க. அவன் வரலை.

அந்த ஒரு வாரத்தை நான் முடிச்சு வச்சிருக்கணும். ஆரம்பிச்சவன் நான்தானே.

முக்கூடல் அக்கா:
வாத்தியாரையா எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் வேலை ஓடலை. நானும் பீடி சுத்துறவதான். 1000 பீடிக்கு உக்காந்தா இடுப்பு எப்படி இருக்கும்னு அந்த அம்மாவுக்கு என்னை மாதிரி தெரியும். கம்மலு போயிட்டு. இனி அதை மீட்க எத்தனை ஆயிரம் பீடி சுத்தணும்னு மனசு தானா கணக்குப் போடுது. அதுக்கு மேல 5,000 தெண்டம். களவாண்டவன் பையன். கட்டுறது யாரு?

எங்க தொழில்லயும் தண்டனை இருக்கு. கடையில கொண்டு போயி கொடுத்தா கட்டைப் பிரிச்சுப் பாத்து, ஒல்லியா இருக்கு, தூள் குறைச்சலுன்னு கழிவு ஒதுக்குவாங்க. கழிச்ச பீடிக்குக் கூலி கிடையாது. பீடியையும் திருப்பித் தர மாட்டாங்க. நல்லா இல்லாத பீடின்னா என் கையில கொடுங்க, பிரிச்சுத் திரும்பச் சுத்தித் தாரேன்னு நான் ஒரு நாள் கேட்டேன். அடுத்த வாரம் எனக்கு இலை மட்டமான இலையா வந்துச்சு. தப்பைச் சரி பண்ண விடாம தண்டிச்சா அது தண்டனை இல்லை, பறிக்கிறது. மானூர்த் தம்பியோட அப்பா பையனைக் கிணத்துக்குள்ள இறக்கினாவ பாருங்க, அவிய மனுசன்.

பாளை வக்கீல்:
அக்கா சொன்னதுக்கு ஒரு தகவல். தொழிலாளி கூலியில அபராதம் பிடிக்கிறதுக்கு 1936 சட்டத்துலேருந்தே வரம்பு இருக்கு. அந்தக் கூலிக் காலத்துச் சம்பளத்துல 3 சதவீதத்துக்கு மேல கூடாது. விளக்கம் கேக்காமப் போடக் கூடாது. பிடிச்ச பணம் முதலாளிக்குச் சேராது, தொழிலாளிகளோட நலனுக்குத்தான் செலவாகணும். 90 நாளைக்குள்ள பிடிக்கலைன்னா பிறகு பிடிக்கவே கூடாது. வரம்பு, விளக்கம், கெடு, பணம் எங்கே போகுதுங்கிற கணக்கு, நாலையும் ஞாயித்துக்கிழமை உங்க ஊர்த் தெண்டத்துக்கும் கேட்டுப் பாருங்க.

களக்காடு கபடி:
பெரியவங்க பேசுற இடத்துல ஒரு வார்த்தை. கபடியில அவுட்டானவன் கோட்டுக்கு வெளியில வரிசையா உக்காருவான். நம்ம ஆளு எதிராளியை அவுட்டாக்கினா முதல்ல போனவன் முதல்ல உள்ள வருவான். மஞ்சள் அட்டை வாங்கினாலும் 2 நிமிசம்தான். உள்ள வர்ற வழி தெரியுறதாலதான் வெளிய போகச் சொன்னா மறுபேச்சுப் பேசாமப் போறோம். அந்தப் பையனை ஏதாவது டீம்ல சேத்து விடுங்க அண்ணாச்சி.

பேட்டை:
அரசு வேலையில இருந்தவன். ஒரு கோப்பு காணாமப் போனதுக்கு எனக்கு 17பி குற்றச்சாட்டு கொடுத்தாங்க, பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடியது. விசாரணை அதிகாரி மாறிக்கிட்டே இருந்தாரு, 6 வருசம் போச்சு. அந்த 6 வருசமும் பதவி உயர்வுப் பட்டியல்ல என் பேரைத் தாண்டித் தாண்டிப் போனாங்க. கடைசியில வந்தது வெறும் கண்டனம், இருக்கதுலயே சின்னத் தண்டனை. அதை முதல் மாசமே கொடுத்திருந்தா தலை குனிஞ்சு வாங்கிட்டு வேலையைப் பாத்திருப்பேன். சக ஊழியர்கள் என் மேசைக்கு டீ குடிக்க வரதை நிறுத்தினாங்க. தீர்ப்பு வந்த பிறகும் அது திரும்ப ஆரம்பிக்கலை.

ஆலங்குளம் தோட்டம்:
எல்லாரும் அந்தப் பையனையே பேசுதீங்க. நான் இன்னொண்ணு கேக்கேன். எரிச்ச காப்பரை எடை போட்டு வாங்கினாரே இரும்புக் கடைக்காரரு, அவருக்கு என்ன தெண்டம் போட்டீங்க? 16 வயசுப் பையன் கரி படிஞ்ச காப்பரைக் கொண்டு வந்தா அது எங்கேருந்து வருதுன்னு அவருக்குத் தெரியாதா? வாங்க ஆள் இல்லைன்னா அறுக்க ஆள் வர மாட்டான். என் ஒயரும் இப்படி ஏதோ ஒரு தராசுலதான் ஏறியிருக்கும்.

பாளை வக்கீல்:
சரியான இடத்துல கை வச்சீங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குறது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவுல 3 வருசம் வரைக்கும் தண்டனைக்குரிய குற்றம்.

மானூர்க் கிணறு:
அண்ணாச்சி, உண்மையைச் சொல்லணும்னா, அந்த யோசனை எங்க கூட்டத்துல ஒருத்தருக்கும் வரலை. எனக்கும் வரலை. கடைக்காரரு பெரிய கொடை நன்கொடையாளரு. நோட்டீசுல பேரு போடுவாங்க.

கயத்தாறு:
இந்த மண்ணுல நின்னுட்டு தண்டனையைப் பத்திப் பேசும்போது பழசைச் சொல்லாம இருக்க முடியலை. 1799 அக்டோபர் 16ல கட்டபொம்மனை எங்க ஊர்லதான் தூக்குல போட்டான் கம்பெனிக்காரன். ஆளைக் கொன்னதோட நிக்கலை. 1801ல பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடிச்சு, ஏர் பூட்டி ஆமணக்கு விதைச்சதாச் சொல்லுவாங்க. ஊரோட பேரையே கணக்குலேருந்து எடுத்தான். 1908 மார்ச் 13ல நெல்லையில கலவரம் நடந்த பிறகு, தண்டக் காவல் படையைக் கொண்டு வந்து வச்சு அதுக்கான செலவை நெல்லை, தூத்துக்குடி ஜனங்க தலையில வரியாப் போட்டான். கல்லெறிஞ்சவன், எறியாதவன்னு பாக்கலை. ஒருத்தன் செஞ்சதுக்கு வீட்டையே தண்டிக்கிறது அவன் பழக்கம். நம்ம சீமைப் பழக்கம் வேற. காவல்காரரு காவல் காக்கிற ஊர்ல களவு போனா, பொருளைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கணும், இல்லைன்னா நட்டத்தை அவரே ஈடு கட்டணும். ஈடு கட்டினா முடிஞ்சுது. அந்தக் காவல் முறையில அடாவடியும் இருந்துச்சு, நான் அதைத் தூக்கிப் பிடிக்கலை. ஆனா கணக்குக்கு ஒரு முடிவு இருந்துச்சு.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு முக்கியம். அதே 1908 ஜூலை 7ல நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு ரெண்டு ஆயுள் தண்டனை, 40 வருசம் கொடுத்தான். மேல்முறையீட்டுல குறைஞ்சுது. கோவைச் சிறையில செக்கிழுத்தார், 1912 டிசம்பர்ல விடுதலையானார். சிறை முடிஞ்சாலும் தண்டனை முடியலை. வக்கீல் தொழில் செய்யுற உரிமம், அந்தச் சன்னதைப் பறிச்சிருந்தாங்க. கப்பல் விட்டவர் சென்னையில மளிகை வியாபாரம் பாத்து, பல வருசம் வறுமையில கெடந்தார். பிறகு சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செஞ்சவர் வாலஸ்னு ஒரு வெள்ளைக்கார நீதிபதி. அதுக்கு நன்றியா வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன்னு பேரு வச்சார். வெள்ளைக்காரனை எதிர்த்து எல்லாத்தையும் இழந்த மனுசன் பெத்த பிள்ளைக்கு வெள்ளைக்காரன் பேரை வைக்கிறார்னா, கதவைத் திறந்து விட்டவனை அவர் எவ்வளவு பெரிசா நினைச்சிருக்கணும்! இதை உங்க பெரியவர்கிட்ட சொல்லுங்க தம்பி.

நாசரேத்:
எங்க சபையிலயும் ஒழுங்கு நடவடிக்கை உண்டு, ராப்போஜனம், அதாவது ஆராதனையில கொடுக்கிற அப்பமும் ரசமும், கொடுக்காம நிறுத்தி வைப்பாங்க. ஆராதனைக்கு வர வேண்டாம்னு சொன்னதை நான் பாத்ததில்லை. திரும்பச் சேத்துக்கிற அன்னைக்கு எங்க சபை போதகர் ஐயர் எல்லார் முன்னாலயும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. தப்பைச் சொன்ன அதே இடத்துல வச்சு.

வி.எம். சத்திரம்:
இதுவரைக்கும் வெளியில சொன்னதில்லை. எங்க சித்தப்பா 7 வருசம் பாளை மத்திய சிறையில இருந்தாவ. என்ன வழக்குன்னு வேண்டாம், தப்பு அவிய பேர்லதான். நம்ம பாளையில சிறைத்துறை நடத்துற பெட்ரோல் பங்க்ல, கைதி ஒருத்தர் வண்டிக்குப் பெட்ரோல் அடிச்சிட்டு மீதிச் சில்லறையை எண்ணி என் கையில வச்சப்போ, எனக்குச் சித்தப்பா ஞாபகந்தான் வந்துச்சு. காசை நம்பிக் கொடுத்திருக்காங்களேன்னு நின்னு பாத்தேன்.

விடுதலையாகி வந்தப்போ சித்தப்பா 4 மாசம் வாசப்படி தாண்டலை. சிறையில எண்ணிக்கை எடுக்கிற நேரத்துக்கு எந்திரிச்சு உக்காந்திருப்பாவ. அந்த வருசக் கொடைக்கு வரி நோட்டைத் தூக்கிட்டு ஒரு சின்னப் பையன் வந்தான். யாரு சொல்லி அனுப்பினாங்களோ, சித்தி பேருல எழுதாம, "சித்தப்பா பேரு என்னக்கா"ன்னு கேட்டு எழுதி ரசீதைக் கிழிச்சு அவிய கையில கொடுத்தான். மறுநாள் காலையில சித்தப்பா டீக்கடைக்குப் போனாவ. அந்த ரசீது இன்னும் சாமி படத்துக்குப் பின்னால இருக்கு.

வரி வாங்க மாட்டோம்னா என்னன்னு எங்க வீட்டுக்குத் தெரியும். மானூர் அண்ணாச்சி, எப்படியாவது வரியை வாங்க வச்சிருங்க.

அம்பை வாத்தியார்:
ஞாயிறு என்ன ஆச்சு தம்பி?

மானூர்க் கிணறு:
மூணு வாரமா எழுத முடியலை, மன்னிச்சிருங்க. முழுசும் ஜெயிச்சிட்டோம்னு சொல்ல முடியாது.

கூட்டத்துல நான் முதல்ல பேசலை. எங்க அப்பா எந்திரிச்சு, "நீங்க அந்த வீட்டுல வரி வாங்கலைன்னா எங்க வீட்டுலயும் வாங்காதீங்க. எங்க கிணத்துல நடந்த காரியத்துக்காக ஒரு வீடு ஊரை விட்டுப் போகக் கூடாது"ன்னாவ. நான் எதிர்பாக்கவே இல்லை. சத்தம் வந்துச்சு. இரும்புக் கடைக்காரரு பேச்சை நான் எடுத்ததும் ரெண்டு பேரு துண்டை உதறிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தப் பேச்சு அந்தரத்துலதான் நிக்குது. இந்த வருசம் நோட்டீசுல அவர் பேரு இருக்குமா இல்லையான்னு தெரியாது.

வ.உ.சி. விசயத்தையும் சொன்னேன். பெரியவரு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. பிறகு, "நான் ஊருக்குப் போதாதுன்னு சொன்னது அந்தப் பிள்ளை மேல உள்ள கோபத்துல இல்லப்பா, நாளைக்கு என் பேரன் அறுத்துட்டு வந்து நிப்பானோன்னுதான்"னாரு. அவருக்கு ஒரு பேரன் இருக்கான், அந்தப் பையனோட சேக்காளி. அது வரைக்கும் எனக்கு அது தோணலை.

முடிவு இதுதான். தெண்டம் 5,000 குறையலை, ஆனா கொடை முடிஞ்சு 5 மாசத் தவணை, கோயில் ரசீதோட. இந்த வருசம் மட்டும் சாமி அந்த வாசல்ல நிக்காது. அதுல நான் எவ்வளவு மல்லுக்கட்டியும் முடியலை. 3 வருசம்ங்கிறது எடுத்தாச்சு. வரி வாங்கணும்.

நேத்து வரிக்குப் போனாங்க, நானும் கூடப் போனேன். அந்த அம்மா பீடித் தட்டை எறக்கி வச்சிட்டு உள்ள போயி டப்பாவைக் கொண்டு வந்தாவ. வரி 1,500. எண்ணிப் பாத்தா 1,000தான் இருந்துச்சு. "சனிக்கிழமை கூலி வாங்கினதும் தாரேன்"னாவ. பையன் கதவுக்குப் பின்னால நின்னான். நோட்டு எழுதுறவன் "சரி பெரியம்மா"ன்னுட்டு, அவிய வீட்டுப் பேருக்கு நேர பாக்கி 500ன்னு எழுதிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.